காலடியில் விழும் போசாக்கு: பனம்பழம்



கடந்த இதழில் முருங்கையிலையைப் பற்றிப் பார்த்தோம். இந்த மாதம் பனம்பழத்தைப் பற்றிப் பார்ப்போம். "பனம்பழத்தைப் பற்றி எங்களுக்கே சொல்லித் தரப் போகிறீர்களா?" என்று நீங்கள் கேட்பது விளங்குகிறது. பனங்காய்ப் பணியாரம் சுடத் தெரியாதவர்கள் எம்மிடையே குறைவு. ஆனால் அந்தப் பழத்திற்குள் என்ன இருக்கிறது, எதை எமது உடல் எடுத்துக்கொள்கிறது, எதை நாம் வீணாக்குகிறோம், யார் அளவோடு சாப்பிட வேண்டும் என்பவற்றைத் தெரிந்துகொண்டால் அதே பழத்தால் இன்னும் கூடுதலான பயனைப் பெறலாம்.

மரம் ஏற ஆள் இல்லாத வீட்டுக்கும் கிடைக்கும் உணவு

பனை தரும் உணவுகள் பல. கருப்பநீர் வேண்டுமானால் பாளை சீவ ஒருவர் மரம் ஏற வேண்டும். பனங்கட்டியும் கல்லாக்காரமும் அந்தக் கருப்பநீரிலிருந்தே வருகின்றன. நுங்கு வேண்டுமானாலும் குலையை வெட்டி இறக்க ஒருவர் ஏற வேண்டும். போரில் கணவனையோ தந்தையையோ மகனையோ இழந்த வீடுகளில் இவை பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கும் பொருட்களாகிவிட்டன.

பனம்பழம் அப்படியல்ல. ஆடி, ஆவணி, புரட்டாதி மாதங்களில் அது தானாகப் பழுத்துத் தானாக விழுகிறது. குனிந்து பொறுக்க முடிந்தால் போதும். ஏறுகூலி கிடையாது. உரமோ கிணற்று நீரோ தேவையில்லை. அப்படியிருந்தும் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் பகுதிகளில் ஏராளமான பழங்கள் விழுந்த இடத்திலேயே அழுகிப் போகின்றன. மாடு தின்றது போக மிகுதியை வண்டு அரிக்கிறது. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் கோதுமை மாவும் பால்மாவும் எட்டாத விலைக்குப் போனபோது நாம் எல்லோரும் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டோம். வளவில் கிடக்கும் உணவின் பெறுமதி அப்படியான நேரத்தில்தான் தெரியும்.

களியில் என்ன இருக்கிறது?

பழத்தின் கறுத்த தோலை உரித்தால் உள்ளே மூன்று கொட்டைகள் இருக்கும். சிலவற்றில் இரண்டோ ஒன்றோதான் இருக்கும். அவற்றைச் சுற்றியுள்ள தும்பில் ஒட்டியிருப்பதே பனங்களி. அதன் பெரும்பகுதி நீர். அடுத்ததாகச் சீனிகள் உள்ளன. குளுக்கோசு, பிறக்டோசு, சுக்குரோசு ஆகிய மூன்றும் இதில் இருப்பதால் சாப்பிட்டவுடன் உடலுக்குச் சக்தி கிடைக்கிறது.

மூன்றாவது, பெக்றின் என்னும் நார்ப்பொருள். களி வழுவழுப்பாகவும் தடிப்பாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். பனங்களியில் ஜாம் செய்தால் நன்றாக இறுகுவதும் இதனால்தான். பெக்றின் மலச்சிக்கலைக் குறைக்கும். உணவு குடலில் மெதுவாகச் செல்லவும் உதவும். இவற்றோடு பொற்றாசியம் போன்ற கனியுப்புகளும் சிறிதளவு விற்றமின் சியும் உள்ளன. விற்றமின் சி சூட்டில் அழிந்துவிடும் என்பதால் சமைத்த களியில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். களியில் புரதமும் கொழுப்பும் மிகக் குறைவு. குருதிச்சோகையைப் போக்கும் அளவுக்கு இரும்புச்சத்தும் இல்லை. எனவே பனம்பழத்தை மட்டும் கொடுத்துப் பிள்ளையை வளர்க்க முடியாது. பயறு, பருப்பு, முட்டை, மீன், கீரை ஆகியவற்றோடு சேரும்போதுதான் அது நல்ல உணவாகும்.

மஞ்சள் நிறமும் பிள்ளையின் கண்ணும்

களியின் மஞ்சள், செம்மஞ்சள் நிறத்தைத் தருபவை கரோட்டினொயிட்டுகள் எனப்படும் நிறப்பொருட்கள். கரட்டிலும் பூசணியிலும் பப்பாசியிலும் உள்ள அதே குடும்பம் இது. இவற்றுள் பீட்டா கரோட்டின் என்பது முக்கியமானது. எமது உடல் அதை விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது.

விற்றமின் ஏ குறைந்தால் முதலில் பாதிக்கப்படுவது மங்கிய ஒளியில் பார்க்கும் திறன். மாலையில் பிள்ளை தட்டுத் தடுமாறி நடந்தால் அது மாலைக்கண்ணின் அறிகுறியாக இருக்கலாம். கடுமையாகக் குறைந்தால் கண் உலர்ந்து பார்வையே போகலாம். நோய் எதிர்ப்புச் சக்தியும் குறைவதால் வயிற்றோட்டம், சின்னமுத்து போன்ற நோய்கள் அப்பிள்ளைக்குக் கடுமையாக வரும்.

உலக சுகாதார நிறுவனமும் உலக உணவு விவசாய நிறுவனமும் பரிந்துரைக்கும் அளவுகளைப் பாருங்கள். 1 முதல் 3 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 400 மைக்கிரோகிராம் விற்றமின் ஏ தேவை. வளர்ந்த பெண்ணுக்கு 500. கர்ப்பிணிக்கு 800. பாலூட்டும் தாய்க்கு 850. பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு மிஞ்சியதைத் தாம் சாப்பிடும் தாய்மார் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். வீட்டில் கூடுதலான தேவை பாலூட்டும் தாய்க்கே இருக்கிறது. அவருடைய உடலில் விற்றமின் ஏ குறைந்தால் பாலிலும் அது குறைந்துவிடும்.

மரக்கறிகளிலும் பழங்களிலும் உள்ள பீட்டா கரோட்டின் முழுவதும் விற்றமின் ஏ ஆக மாறுவதில்லை. 12 மைக்கிரோகிராம் பீட்டா கரோட்டினை 1 மைக்கிரோகிராம் விற்றமின் ஏ என்றே கணக்கிடுகிறார்கள். ஆகவே இருப்பதை உடல் உறிஞ்சிக்கொள்ளும்படி சமைப்பது அவசியம். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, கொழுப்புச் சேர்த்தல். கரோட்டின் நீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். களியில் கொழுப்பு இல்லாதபடியால் நாம்தான் அதைச் சேர்க்க வேண்டும். தேங்காய்ப்பால், தேங்காய்ப்பூ, சிறிது தேங்காயெண்ணெய் ஆகியவற்றில் எதுவானாலும் போதும். எமது பாட்டிமார் களியைத் தேங்காயெண்ணெயில் பணியாரமாகச் சுட்டது ருசிக்காகத்தான். ஆனாலும் கரோட்டின் உடலில் சேரவும் அது வழி செய்தது.

இரண்டாவது, அளவான சூடு. மெல்லிய சூட்டில் வேகவைத்தால் நிறப்பொருள் நன்கு வெளிவரும். நெடுநேரம் கொதித்துக் கருகினால் அழிந்துவிடும்.

மூன்றாவது, நிறம் பார்த்துத் தெரிவு செய்தல். எல்லா மரத்துப் பழமும் ஒன்றல்ல. சிலவற்றின் களி வெளிறிய மஞ்சளாகவும் சிலவற்றின் களி ஆழ்ந்த செம்மஞ்சளாகவும் இருக்கும். நிறப்பொருள்கள் எல்லாமே விற்றமின் ஏ ஆவதில்லை. என்றாலும் நிறம் கூடிய, காறல் குறைந்த பழத்தையே பிள்ளைகளுக்குத் தெரிவு செய்யுங்கள்.

காறல் எங்கிருந்து வருகிறது?

"அந்த வேலிக்கரைப் பனைப் பழம் இனிக்கும், கிணற்றடிப் பனைப் பழம் காறும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது வெறும் பேச்சல்ல. அந்தக் காறலும் கைப்பும் பிளாபெலிபெரின் எனப்படும் பொருட்களால் வருகின்றன. பனையின் விஞ்ஞானப் பெயர் பொராசசு பிளாபெலிபர். அதை ஒட்டியே இப்பெயர் வைக்கப்பட்டது. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஈ. ஆர். ஜான்ஸ் அவர்களும் அவருடன் சேர்ந்தோரும் 1990 களிலிருந்து இதை ஆராய்ந்து வந்தார்கள்.

பிளாபெலிபெரின்கள் சப்போனின் என்னும் வகையைச் சேர்ந்தவை. சப்போனின் என்ற பெயர் சவர்க்காரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நீரில் கலக்கினால் இவை நுரைக்கும். 1990 ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் கிடைக்காமல் போனபோது வடக்கில் எத்தனையோ பெண்கள் பனம்பழத்தைத் தேய்த்து உடுப்புத் தோய்த்தார்கள். உங்களில் பலருக்கு அந்த வாசம் இன்னும் நினைவிருக்கும். அன்று அழுக்கை நீக்கிய நுரையும் பணியாரத்தில் தொண்டையைக் காறச் செய்யும் கைப்பும் ஒரே வகைப் பொருட்களால் வருபவை.

பிளாபெலிபெரினில் ஒரு மூலக்கூற்றோடு பல சீனிக் கூறுகள் இணைந்திருக்கும். எத்தனை கூறுகள் எப்படி இணைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து ஒன்று கைக்கும், இன்னொன்று கைக்காது. நொதியம் ஒன்றைப் பயன்படுத்தி இந்த அமைப்பை மாற்றினால் கைப்பு நீங்குகிறது என்று அந்த ஆய்வுகள் காட்டின. எமது அடுப்படியில் நொதியம் இல்லை. ஆனால் எந்த மரம் காறும், எந்த மரம் காறாது என்ற அறிவு இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். பல வருடங்கள் இடம்பெயர்ந்திருந்து மீளக்குடியேறிய வளவுகளில் மரங்களின் குணம் தெரிந்தவர் இல்லாமல் போயிருக்கலாம். அப்படியானால் இந்தப் பருவத்தில் ஒவ்வொரு மரத்துப் பழத்தையும் கொஞ்சம் சமைத்துச் சுவை பார்த்து, நல்ல மரத்தில் சுண்ணாம்பால் அடையாளம் இடுங்கள்.

இந்தக் கைப்புப் பொருள் உடலில் என்ன செய்கிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது குடலிலிருந்து குளுக்கோசு உறிஞ்சப்படுவது குறைந்தது. எலிகளின் நிறை கூடுவதும் குறைந்தது. இதிலிருந்து நாம் இரண்டு விடயங்களைக் கவனிக்கலாம். ஒன்று, நிறை குறைந்த, மந்தபோசணையுள்ள பிள்ளைக்குக் கைக்கும் களியைக் கொடுக்காமல் விடுவதே நல்லது. மற்றது, "பனம்பழம் நீரிழிவை மாற்றும்" என்று யாராவது சொன்னால் அதை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது. எலியில் கண்டது மனிதருக்கான மருந்தாகிவிடாது. களியில் சீனியும் தாராளமாக உண்டு.

பனாட்டு: பஞ்ச மாதத்துக்கான சேமிப்பு

பனம்பழக் காலம் இரண்டு மூன்று மாதங்கள்தான். பழம் விழுந்த அன்றே எடுக்காவிட்டால் புளிக்கத் தொடங்கிவிடும். ஆனால் மாரியில் கூலிவேலை குறைந்து கையில் காசில்லாத நாட்களில்தான் உணவு கூடுதலாகத் தேவைப்படும். இந்த இடைவெளியை நிரப்ப எமது முன்னோர் கண்ட வழி பனாட்டு. களியைப் பிசைந்து பிழிந்து, பந்தலில் விரித்த ஓலைப்பாயில் ஊற்றிப் பரவி, அது காய்ந்த பின் அதன்மேல் அடுத்த ஊற்று என்று பல நாள் ஊற்றிக் காயவைப்பார்கள். நீர் வற்றிச் சீனி செறிவதால் பூஞ்சணமும் கிருமியும் வளர்வது கடினமாகிறது. நன்றாகக் காய்ந்த பனாட்டு மாதக்கணக்கில் கெடாது.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கடும் வெயிலில் கரோட்டினின் ஒரு பகுதி அழிந்துவிடும். எனவே பனாட்டின் சக்தி அப்படியே இருந்தாலும் புதிய களியில் உள்ளவளவு கரோட்டின் அதில் இராது. உச்சி வெயிலில் பந்தலின் மேல் மெல்லிய வெள்ளைத் துணி கட்டினால் இந்த இழப்புக் குறையும். இலையானும் தூசியும் விழாமலும் இருக்கும். ஒவ்வொரு ஊற்றும் மெல்லியதாக இருக்கட்டும். தடிப்பாக ஊற்றினால் மேலே காய்ந்து உள்ளே புளிக்கும். பாயைக் கழுவிக் காயவைத்த பின்பே களியை ஊற்றுங்கள். காய்ந்ததை வெட்டி, ஈரமில்லாத மூடிய பாத்திரத்தில் வையுங்கள். பூஞ்சணம் பிடித்த துண்டைச் சுரண்டிவிட்டுச் சாப்பிட வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

செய்து பாருங்கள்

*பனங்களிப் பயற்றங்கூழ் (சிறு பிள்ளைகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும்)*

தேவையானவை: காறாத பனங்களி 1 கோப்பை, வறுத்த பச்சரிசி மா 3 மேசைக்கரண்டி, வறுத்து இடித்த பயற்றம்மா 3 மேசைக்கரண்டி, தேங்காய்ப்பால் 1 கோப்பை, உப்பு ஒரு சிட்டிகை, தேவையானால் சிறிது பனங்கட்டி.

பழத்தைக் கழுவித் தோலை உரித்து, கொதித்தாறிய நீர் சிறிது தெளித்துப் பிசைந்து களியை எடுங்கள். தும்பு போக அரிதட்டில் அல்லது துணியில் வடியுங்கள். சட்டியில் விட்டு மெல்லிய நெருப்பில் பச்சை வாசம் போகும்வரை துழாவுங்கள். இரண்டு மாவையும் ஒன்றரைக் கோப்பை நீரில் கட்டியில்லாமல் கரைத்துச் சேர்த்துக் கிளறுங்கள். வெந்ததும் தேங்காய்ப்பால் விட்டு ஒரு கொதியில் இறக்குங்கள். பயறு புரதத்தையும் தேங்காய்ப்பால் கொழுப்பையும் களி கரோட்டினையும் தருகின்றன.

*பனங்காய்ப் பணியாரம்*

வடித்த களி 2 கோப்பையுடன் சீனி 1 கோப்பை, உப்பு ஒரு சிட்டிகை சேர்த்துப் பச்சை வாசம் போகக் காய்ச்சி ஆறவிடுங்கள். வறுத்த கோதுமை மாவை அல்லது அரிசி மாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கையில் எடுத்து விடக்கூடிய பதத்திற்குக் குழையுங்கள். தாச்சியில் தேங்காயெண்ணெயைக் கொதிக்கவைத்துச் சிறு உருண்டைகளாக விட்டுப் பொன்னிறமாகப் பொரித்தெடுங்கள். மறுநாள் ருசி இன்னும் கூடும். இது இடைக்கிடை கொடுக்கும் பலகாரம், நாளாந்த உணவல்ல.

இவற்றில் கவனமாக இருங்கள்

- 6 மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம். அதன் பிறகு களியைச் சமைத்து, ஒரு தேக்கரண்டியில் தொடங்கிப் பழக்குங்கள்.
- கிளினிக்கில் தரும் விற்றமின் ஏ மருந்தையும் இரும்புச்சத்துக் குளிசையையும் திரிபோஷாவையும் பனம்பழத்தை நம்பி நிறுத்த வேண்டாம். பிள்ளைக்கு மாலைக்கண் அறிகுறி தெரிந்தால் தாமதியாமல் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ காட்டுங்கள்.
- நீரிழிவு உள்ளவர்கள் பனாட்டையும் பணியாரத்தையும் மிகச் சிறிதளவே சாப்பிட வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள், களியில் பொற்றாசியம் இருப்பதால், வைத்தியரைக் கேட்ட பின்பே சாப்பிட வேண்டும்.
- பழத்தைத் தேடித் தெரியாத காணிக்குள் போக வேண்டாம். கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் உள்ளன. மண்டையோட்டுப் பலகையோ எச்சரிக்கை நாடாவோ உள்ள பக்கம் எத்தனை பழம் கிடந்தாலும் கால் வைக்காதீர்கள். பிள்ளைகளை அனுப்பவும் வேண்டாம்.
- காற்று வீசும்போது மரத்தின் கீழ் நிற்க வேண்டாம். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பழம் தலையில் விழுந்தால் உயிராபத்து நேரலாம்.

கொட்டையை எறியாதீர்கள்

களி எடுத்த கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கி மண்ணால் மூடினால் தை, மாசியில் கிழங்கு கிண்டலாம். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். ஒடியல் மாவைப் பற்றி ஒரு முக்கிய விடயம் சொல்ல வேண்டும். அவிக்காத ஒடியல் மாவை மட்டும் தீனியாகக் கொடுத்த ஆய்வுகூட எலிகளுக்கு நச்சு விளைவுகள் ஏற்பட்டதை 1970 களிலேயே கண்டறிந்தார்கள். எமது பழைய வழக்கப்படி மாவை நீரில் ஊறவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டு, பிட்டாகவோ கூழாகவோ நன்றாக வேகவைத்தே உண்ணுங்கள். ஒரே உணவாக நாள்தோறும் உண்ண வேண்டாம். ஒடியலைப் பற்றி இன்னொரு இதழில் விரிவாகப் பார்ப்போம்.

எல்லாக் கொட்டையையும் கிழங்காக்கிவிடாமல் சிலவற்றை வேலிக்கரையில் விதையாக ஊன்றிவிடுங்கள். போர்க்காலத்தில் இலட்சக்கணக்கான பனைகள் அழிந்தன. செல்லில் தலை முறிந்தவை ஒருபுறம், பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறிக்கப்பட்டவை இன்னொரு புறம். ஒரு பனை பழம் தரப் பன்னிரண்டு வருடங்களுக்கு மேல் செல்லும். அதுவும் பெண் பனைதான் காய்க்கும். முளைக்கும்போது ஆணா பெண்ணா என்று தெரியாது. ஆகவே ஒன்றிரண்டு அல்ல, ஐந்தாறாவது ஊன்ற வேண்டும். 2009 ஆம் ஆண்டின் பின் மீளக்குடியேறியவர்கள் அன்று ஊன்றிய விதைகள் இப்போதுதான் காய்க்கும் வயதை எட்டுகின்றன.

சகோதரிகளே, இந்தப் பருவத்தில் ஒவ்வொரு காலையும் ஒரு கடகத்தோடு உங்கள் வளவை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். காறாத பழத்தை அடுப்படிக்கு எடுங்கள், காறுவதை மாட்டுக்குப் போடுங்கள். தேங்காய்ப்பாலும் பயறும் சேர்த்து ஒரு நேரக் கூழ் காய்ச்சுங்கள். பிள்ளைகளுக்கு ஊற்றும்போது உங்களுக்கும் ஒரு கோப்பை எடுத்து வையுங்கள். மிஞ்சிய களியை அயலவர் நாலு பேர் சேர்ந்து ஒரே பந்தலில் பனாட்டாக ஊற்றுங்கள். உங்கள் ஊரில் பனங்களியில் வேறு விதமாகச் செய்யும் உணவுகள் இருந்தால் எமக்கு எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் மற்றச் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்வோம்.